விரிப்புக்கு வெளியே பழகும் யோகம்

யோக வகுப்பில் சேர வருபவர்கள் படிவத்தில் எழுதுவது முதுகுவலி, தூக்கமின்மை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. சில வாரங்கள் போனபின் அவர்களில் பலர் தனியாக வந்து சொல்வது வேறு: “மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.” கண்ணை மூடி நிமிர்ந்து உட்காருங்கள், மூச்சைக் கவனியுங்கள், எண்ணம் வந்தால் அதன் போக்கில் விட்டுவிடுங்கள் என்பது எங்கள் தொழிலில் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் அது பாதிப் பதில்கூட இல்லை என்பதே கற்பிப்பவன் என்ற முறையில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. மனிதரின் மனம் கலங்குவது பெரும்பாலும் மற்ற மனிதரால். ஆகவே அது தெளிய வேண்டியதும் அவர்களோடு பழகும் இடத்தில்தான். காலையில் அரை மணி நேரம் அமர்ந்தால், அந்த வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்பது தெரியவரும். வேலை அங்கேயே முடிந்துவிடாது. யோக தத்துவத்தின் மூலநூலான பதஞ்சலியின் யோக சூத்திரம் இதைத்தான் சொல்கிறது. நாங்கள் அதைத் தலைகீழாகக் கற்பித்துக்கொண்டிருக்கிறோம்.

நூலின் அமைப்பே இதற்கு முதல் சான்று. வியாசர் உரையோடு வழங்கும் பாடத்தில் நான்கு பாதங்கள், 195 சூத்திரங்கள். இன்று யோகம் என்றவுடன் கண்முன் வரும் ஆசனத்துக்கென்று அவற்றில் ஒதுக்கப்பட்டவை மூன்றே மூன்று. அந்த மூன்றும் எந்த ஆசனத்தின் பெயரையும் சொல்லவில்லை. இருக்கை நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும், முயற்சியின் இறுக்கம் தளர வேண்டும், அப்போது குளிர் வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்கமாட்டா என்பதோடு நின்றுவிடுகின்றன. பிராணாயாமத்துக்கு ஐந்து சூத்திரங்கள். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, புலனடக்கம், பிறர் பொருளை ஏலாமை என்ற ஐந்து இயமங்களுக்கும், தூய்மை, நிறைவு, தவம், தற்கல்வி, இறைவனிடம் ஒப்படைப்பு என்ற ஐந்து நியமங்களுக்கும் சேர்த்து 16. எட்டு உறுப்புகளின் வரிசையிலும் இவைதான் முதல் இரண்டு. இந்த விகிதம் நடைமுறையில் மாறிப்போனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையில் இளைஞர்களுக்கான வேகமான ஆசனப் பயிற்சி முதன்மை பெற்றிருந்தது. அவரிடம் கற்ற பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார், இந்திரா தேவி வழியாக உலகம் முழுவதும் பரவியதும் பெரிதும் ஆசனமே. அதே கிருஷ்ணமாச்சாரியார் பின்னாளில் சென்னையில் குடியேறி, தம் மகன் தேசிகாச்சாருக்கு யோக சூத்திரத்தைப் பாடம் சொன்னார். ஒவ்வொருவரின் வயதுக்கும் உடலுக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றி அமைத்தார். அந்தச் சென்னைப் பக்கம் மைசூர்ப் பக்கம் அளவுக்குப் பயணப்படவில்லை என்பது எங்கள் தொழிலுக்குப் பெரிய இழப்பு.

முதல் பாதத்தில் பதஞ்சலி மனத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளை அடுக்குகிறார்: நோய், மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், புலன்களின் பின்னே ஓடுதல், தவறான காட்சி, படியை எட்டாமை, எட்டிய படியில் நிலைக்காமை. சிதறிய மனத்தின் அடையாளங்களாகத் துன்பம், சோர்வு, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு என்ற நான்கையும் சொல்கிறார். வகுப்பில் ஒருவர் மூச்சு விடும் விதத்தை வைத்தே அன்று அவர் மனநிலையை ஓரளவு கணிக்கிறோமே, அதற்கான அடிப்படை இங்கேதான் இருக்கிறது. அடுத்து மனம் தெளிவதற்கான வழிகள் வருகின்றன. மூச்சுதான் முதலில் வரும் என்று எதிர்பார்ப்போம். 33ஆம் சூத்திரம் முதலில் வைப்பது மனிதரை: இன்பத்தில் இருப்பவரிடம் நட்பு, துன்பத்தில் இருப்பவரிடம் கருணை, நல்லது செய்பவரைக் கண்டு மகிழ்ச்சி, தீமை செய்பவரிடம் வெறுப்பும் ஒட்டுதலும் இல்லாத விலகல். இந்த நான்கு மனப்பாங்குகளைப் பழகினால் மனம் தெளியும் என்று சொல்லிய பிறகே, வெளிமூச்சை நீட்டி நிறுத்துவது அடுத்த சூத்திரத்தில் வருகிறது. அங்கிருந்து, விருப்பமான எதையும் தியானிக்கலாம் என்பதுவரை ஆறு வழிகள் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகத் தரப்படுகின்றன. இது ஒத்துவராவிட்டால் அது. நட்பும் கருணையும் அந்த மாற்று வழிகளுக்குள் சேராதவை, எந்த வழியை எடுத்தாலும் அதோடு கூடவே பழக வேண்டியவை என்று உரையாசிரியர் வாசஸ்பதி மிசிரர் விளக்குகிறார். பதஞ்சலி நமக்குத் தேர்வுரிமை கொடுத்தது மூச்சில், தியானப் பொருளில். பிறரிடம் நாம் கொள்ளும் மனப்பாங்கில் கொடுக்கவில்லை.

இது எவ்வளவு நடைமுறை சார்ந்த வரிசை என்பது கண்ணை மூடி உட்கார்பவர் யாருக்கும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மூடிய கண்ணுக்குள் வருவது பிரபஞ்சத்தைப் பற்றிய கேள்வி அல்ல. நேற்று மாலை மைத்துனர் சொன்ன ஒரு சொல், பதவி உயர்வு பெற்ற சக ஊழியர், வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனவர், மகளின் மதிப்பெண்ணைத் தன் மகனுடையதோடு ஒப்பிட்ட அண்டை வீட்டார். பெரும்பாலான நினைவுகளுக்கு ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தோடு ஒட்டியிருக்கும் உணர்ச்சியைப் பார்த்தால், பதஞ்சலியின் நான்கு பிரிவுக்குள் அது ஏறக்குறைய அடங்கிவிடும்: பிறர் சுகத்தைப் பார்த்துப் பொறாமை, பிறர் துன்பத்தில் அலட்சியம் அல்லது மேலும் தாக்கும் ஆசை, பிறர் நற்பெயரில் குறை தேடல், பிறர் தவறில் தணியாத கோபம். வாசஸ்பதி மிசிரரும் நான்கு மருந்துகளுக்கு எதிரே ஏறத்தாழ இந்த நான்கு நோய்களைத்தான் வைக்கிறார். ஆக, மூச்சைக் கவனி என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு அந்த மைத்துனரைப் பற்றி எதுவும் சொல்லாமல் அனுப்பினால், நாளைக் காலையும் அதே மைத்துனர் அதே விரிப்பில் வந்து உட்காருவார்.

இது பதஞ்சலி ஒருவருடைய தனிக்கருத்தாக இருந்தால் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லத் தயங்கியிருப்பேன். பௌத்தத்தில் இதே நான்கும் பிரம்ம விகாரங்கள் என்ற பெயரில் தியானப் பொருள்களாகவே பயிலப்படுகின்றன. சமணத்தில் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இவற்றுக்கு மிக நெருங்கிய நான்கைச் சொல்கிறது. பதஞ்சலியின் ஐந்து இயமங்களே சமணத் துறவியின் ஐந்து மாவிரதங்களும். ஆன்மா உண்டா, இறைவன் உண்டா என்பதில் ஒத்துப்போகாத மூன்று மரபுகள், மனத்தைத் தெளிவிக்கும் இந்தத் தொடக்கத்தில் ஒத்துப்போகின்றன. தமிழ் வாசகர்களுக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது திருக்குறளின் துறவறவியல். அது அருளுடைமையில் தொடங்குகிறது. கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னாசெய்யாமை, கொல்லாமை எல்லாம் கடந்த பின்னரே மெய்யுணர்தலும் அவாவறுத்தலும் வருகின்றன. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்பு யோகத்தை விரிவாகப் பேசும் நூற்பகுதி. அங்கே இயமத்துக்குரியவனைப் பற்றி முதலில் சொல்லப்படுவன கொல்லாமையும் பொய்யாமையும் திருடாமையும். மூலாதாரத்தையும் குண்டலினியையும் பற்றிப் பேச திருமூலரை எடுத்துக்கொள்பவர்கள் இந்தப் பாட்டைத் தாண்டிப் போய்விடுவது வருத்தத்துக்குரியது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மூச்சுப் பயிற்சி தன்னளவிலேயே வேலை செய்கிறதே, அதற்கு ஒழுக்கம் எதற்கு என்பது அது. வேலை செய்கிறது என்பது உண்மை. லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், ஜெபமாலைப் பிரார்த்தனை சொன்னாலும் யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. இதயத் துடிப்பின் சீரான ஏற்ற இறக்கமும் ரத்த அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் அனிச்சைச் செயலும் வலுப்பட்டன. வெளிமூச்சு நீளும்போது துடிப்பு குறைவது உடலின் இயல்பு. நல்லவர் கெட்டவர் என்று அது பார்ப்பதில்லை. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதஞ்சலி இதைவிட நுட்பமான கேள்வியைக் கேட்கிறார். அறியாமை, தான் என்ற உணர்வு, விருப்பு, வெறுப்பு, உயிர்ப்பற்று என்ற, மனத்தை வருத்தும் ஐந்து கிலேசங்களில் அறியாமை தவிர்த்த மற்ற நான்கும் நான்கு நிலைகளில் இருக்கும் என்கிறார்: உறங்கிக் கிடப்பது, மெலிந்திருப்பது, இடைவெளி விட்டு நிற்பது, முழு வேகத்தில் பாய்வது. வகுப்பு முடிந்து சவாசனத்தில் கிடைக்கும் அமைதியில் வெறுப்பு பெரும்பாலும் மூன்றாம் நிலையில்தான் இருக்கிறது. வேறொன்று மேலெழுந்ததால் சற்று ஒதுங்கி நிற்கிறது. மெலியவில்லை. வாகன நிறுத்துமிடத்தில் யாராவது வண்டியை இடித்துவிட்டால் அரை நிமிடத்தில் அது முழு வேகத்துக்கு வந்துவிடும். இரண்டாம் பாதத்தின் தொடக்கத்தில் சொல்லப்படும் கிரியா யோகத்துக்கு, அதாவது செயல்வழி யோகத்துக்கு, இரண்டு பயன்கள் கூறப்படுகின்றன: மனம் ஒன்றும் நிலையை வளர்ப்பது, கிலேசங்களை மெலியச் செய்வது. முதல் பயனை மட்டும் விற்றுவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது அரைகுறை வேலை. பல ஆண்டுகள் தியானம் செய்து, கடினமான ஆசனங்களில் தேர்ந்து, புகழ் பெற்ற ஆசிரியர்கள் சிலர் மாணவர்களைச் சுரண்டிய செய்திகள் வந்துகொண்டே இருப்பதற்கும் இதுவே விளக்கம். அமைதியாக உட்காரும் திறனும் மெலிந்த பற்றும் வேறு வேறு பயிற்சிகளின் விளைவு.

அப்படியானால் கோபத்தை அடக்கிக்கொள் என்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. எண்ணத்தை நேரடியாக அழுத்தினால் அது கூடுகிறது என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் ஒரு எளிய சோதனையில் காட்டினார்: வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு, தடை நீங்கியபின் அந்த நினைவு மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. எண்ணமே இல்லாத மனத்தைக் கொண்டுவா என்று மாணவரிடம் சொல்லும் ஆசிரியர்கள் இதை யோசிக்க வேண்டும். பதஞ்சலி சொல்லும் எதிர்நினைவு என்ற பயிற்சி வேறு திசையில் போகிறது. தீங்கு செய்யும் எண்ணம் எழுந்தால் அதைத் துரத்தாமல் விசாரிக்கச் சொல்கிறார்: இதை நானே செய்யப் போகிறேனா, பிறரைக் கொண்டு செய்விக்கிறேனா, பிறர் செய்வதை ஆமோதிக்கிறேனா? இது ஆசையில் பிறந்ததா, கோபத்திலா, மயக்கத்திலா? மென்மையானதா, நடுத்தரமா, கடுமையானதா? வியாசர் இவற்றைப் பெருக்கி 27 வகை என்கிறார். அதையும் பகுத்து 81 வரை போகிறார். இந்தக் கணக்கு வீண் நுணுக்கம் போலத் தோன்றலாம். ஆனால் ஆமோதிப்பது என்ற வகையை இன்று யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவரை இழிவுபடுத்தும் காணொளியை வாட்ஸ்அப்பில் அடுத்த குழுவுக்கு அனுப்புபவர் தானாக எதையும் செய்யவில்லை, யாரையும் ஏவவில்லை. பதஞ்சலியின் கணக்கில் அவரும் தீங்கு செய்தவர்தான், அந்தச் செயல் அவர் மனத்திலும் தடம் பதிக்கிறது. இரவில் உறக்கம் வராமல் புரள்பவருக்கு இந்த விசாரணை, மற்றுமொரு மூச்சுப் பயிற்சியைவிட அதிகம் உதவும் என்று நம்புகிறேன். நான்காம் பாதத்தில் உழவர் ஒருவர் வருகிறார். அவர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டுபோய் வயலில் ஊற்றுவதில்லை. மடையை வெட்டிவிடுகிறார், தண்ணீர் தானே பாய்கிறது. தியானமும் அவ்வாறு தானே நிகழ்வது. நம் உழைப்பு எல்லாம் மடைக்கு.

தீமை செய்பவரிடம் விலகியிரு என்பது அநீதியைக் கண்டும் காணாமல் போகச் சொல்வதல்லவா? இந்தக் கேள்வியை மாணவர்கள், குறிப்பாகப் பெண்கள், கூர்மையாகக் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். வீட்டில் அடி வாங்குபவரிடம் உபேட்சையை, அதாவது அந்த விலகலைப் பழகு என்று சொல்வது யோகமாகாது, கொடுமைக்குத் துணை போவதாகும். உரைமரபில் இதற்கு ஒரு பிடிப்பு இருக்கிறது. மூன்றாம் பாதத்தில் நட்பு முதலியவற்றில் மனத்தை ஒன்றச்செய்தால் அவை வலிமையாகும் என்று சொல்லப்படும் இடத்தில், நட்பு, கருணை, மகிழ்ச்சி ஆகிய மூன்றுக்கு மட்டுமே அந்த வலிமை உண்டு, உபேட்சை வளர்க்கப்படும் பாவனை அல்ல என்று வியாசர் பிரித்துவிடுகிறார். தீமையின் மேல் மனத்தை ஒட்டவைத்துத் தியானிக்க எதுவும் இல்லை. அங்கே செய்ய வேண்டியது மனத்தை அதில் சிக்கவிடாமல் வைத்திருப்பது மட்டும். கை கால்களைக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. காவல் நிலையத்துக்குப் போகிறவரும் வழக்குத் தொடுக்கிறவரும் வெறுப்பில் வெந்துகொண்டே போனால் வழக்கு முடிவதற்குள் அவர்களே தீர்ந்துபோகிறார்கள். அதே வேலையைத் தெளிந்த மனத்தோடு செய்ய முடியுமானால் நீண்ட நாள் நிற்க முடியும். கொல்லாமையையும் வாய்மையையும் சாதி, இடம், காலம், சந்தர்ப்பம் எதுவும் தளர்த்த முடியாது என்று சூத்திரம் வெளிப்படையாகச் சொல்வதையும் சேர்த்துப் படித்தால், செயலற்றிருப்பதற்கான அனுமதியாக இந்த நூலைக் காட்ட முடியாது.

அறிஞர்கள் எழுப்பும் மறுப்பு இன்னொன்று. யோக சூத்திரத்தின் இலக்கு கைவல்யம். காணும் உணர்வு இயற்கையின் எல்லா அசைவுகளிலிருந்தும் தனித்து நிற்பது. அது துறவிகளின் நூல், அதைக் குடும்பஸ்தரின் மன அமைதிக்குப் பயன்படுத்துவது நூலைச் சிறுமைப்படுத்துவது என்பார்கள். இலக்கு பற்றி அவர்கள் சொல்வது சரி. அலுவலக நெருக்கடியைக் குறைக்க எழுதப்பட்ட நூல் அல்ல இது. அப்படி விளம்பரம் செய்வது நேர்மையல்ல. ஆனால் வியாசரே இரண்டாம் பாதத்துக்கு முன்னுரையாக, முதல் பாதம் ஏற்கெனவே ஒன்றிய மனமுடையவருக்கு, இது அலைபாயும் மனமுடையவருக்கு என்று வகுத்துச் சொல்கிறார். பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் மனம் காற்றைப் போலப் பிடிபடாதது என்று முறையிடும் அர்ச்சுனன் துறவி அல்லன். அவனுக்குக் கிடைக்கும் பதிலும் பதஞ்சலியின் பதிலும் ஒன்றே, இடைவிடாத பழக்கமும் பற்றின்மையும். கடைசிப் படி எங்கே போய் முடிகிறது என்பதில் குடும்பஸ்தர் தயங்கலாம். முதல் படி அவர் வாசலில்தான் இருக்கிறது.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கண்டிப்பாக ஏற்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. ஒன்பது தடைகளில் பதஞ்சலி முதலில் வைத்தது நோயை. நோய்க்கு முதலில் வைத்தியம் தேவை. கடும் மனச்சோர்வு, பிறர் காணாததைக் காண்பது, கேளாததைக் கேட்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றோடு வருபவரை மனநல மருத்துவரிடம் அனுப்பாமல் நீண்ட நேரம் கண்மூடி உட்காரவைப்பது ஆபத்து. பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லோபி பிரிட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பௌத்த தியானம் பயின்றவர்களுக்கு அச்சம், உறக்கக் கேடு, தன்னைவிட்டுத் தானே விலகியது போன்ற உணர்வு முதலிய சிக்கல்கள் வரக்கூடும் என்பதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. மருந்தை நிறுத்திவிடுங்கள், யோகம் போதும் என்று சொல்லும் அதிகாரம் எந்த யோக ஆசிரியருக்கும் இல்லை.

மேலே சொன்னதை வகுப்பில் எப்படிப் புகுத்துவது என்றால் பெரிய உபன்யாசம் தேவையில்லை. உபன்யாசம் ஒழுக்கத்தை வளர்ப்பதைவிட, பிறர் ஒழுக்கத்தை எடைபோடும் பழக்கத்தைத்தான் அதிகம் வளர்க்கிறது. பயிற்சியின் முடிவில், மூச்சு ஏற்கெனவே சீராகியிருக்கும்போது, அன்று மனத்தில் திரும்பத் திரும்ப வந்த ஒரு மனிதரை நினைக்கச் சொல்லலாம். அவர் 33ஆம் சூத்திரம் சொல்லும் நால்வரில் யார், அவருக்கு நான் தர வேண்டியது நான்கு மனப்பாங்குகளில் எது என்று மட்டும் மாணவர் தனக்குள் தீர்மானித்தால் போதும்; வெளியே சொல்ல வேண்டாம். பெரும்பாலும் தெரியவருவது, தீயவர் என்று நாம் வைத்திருந்தவர் வெறுமனே நம்மைவிடச் சுகமாக இருப்பவர் என்பது. அவரிடம் விலக வேண்டியதில்லை, நட்பாக இருந்தால் போதும். இந்தப் பிரிவினையைச் சரியாகச் செய்யக் கற்பதே நீண்ட பயிற்சி. நெடுங்காலம், இடைவிடாமல், அக்கறையோடு செய்தால்தான் பழக்கம் வேரூன்றும் என்று சூத்திரம் சொல்வது ஆசனத்துக்கு எவ்வளவு பொருந்துமோ அதைவிட இதற்குப் பொருந்தும்.

யோகம் கற்க ஓர் இடத்தைத் தேடுபவர்கள், ஆசிரியர் எவ்வளவு தூரம் உடலை வளைக்கிறார் என்று பார்ப்பதற்கு முன், கூடத்தைப் பெருக்கித் துடைப்பவரிடமும் தம்மைவிட்டு வேறு வகுப்புக்குப் போன மாணவர்களைப் பற்றியும் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். கற்பிக்கும் சக தொழிலர்களிடம் என் வேண்டுகோள்: சூரிய நமஸ்காரம் சொல்லித்தரும் முதல் மாதத்திலேயே முதல் பாதத்தின் 33ஆம் சூத்திரத்தையும் பாடத்தில் சேர்த்துவிடுங்கள்.